கேட் கீப்பரின் தோள்

எனக்கு எழுபத்து நான்கு வயது. நான்கு பேரை வளர்த்து ஆளாக்கினேன். நான்கும் என் அக்கா பெற்றவை. அக்கா கண்ணை மூடிய பிறகு அத்தான் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு தூத்துக்குடிப் பக்கம் போய்விட்டார். பிள்ளைகள் என் சேலையைப் பிடித்துக்கொண்டன. அத்தோடு எனக்குக் கல்யாணப் பேச்சு எடுப்பதை ஊர் நிறுத்திவிட்டது. இதற்காக யாரும் ‘அடப் பாவமே’ என்று சொல்ல வேண்டாம். எனக்கு அது பிடிக்காது.

போன வாரம் இதே பக்கத்தில், ராஜபாளையத்தில் என் அண்ணன் சுப்பையா வைத்திருந்த மோட்டார் சைக்கிள் ஷெட்டில் நான் ஸ்பேனர் பிடிக்கப் பழகிய கதையைச் சொன்னேன். வாசித்தவர்கள் சிரித்ததாகக் கேள்விப்பட்டேன். இந்த வாரம் சிரிக்க அதிகம் இல்லை.

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள். மாசியா பங்குனியா, சரியாக நினைவில்லை. வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. சென்னைக்கு வெளியே, யுத்த காலத்தில் விமானம் இறங்கியதாகச் சொன்ன பழைய சிமெண்டுத் தளம் ஒன்று. விரிசல்களில் கோரைப்புல். தரையில் சுண்ணாம்பால் இழுத்த ஒரு கோடு. அந்தக் கோட்டின் மேல் என் வண்டியின் முன்சக்கரம் நின்றது.

தலையில் இரவல் ஹெல்மெட். அதற்குள் யாரோ ஓர் ஆணின் தேங்காயெண்ணெய் வாடை. சேலைக்கு அடியில் அண்ணனின் பழைய கால்சட்டை. தலைப்பை இடுப்பில் இறுக்கிச் சுற்றி, சேலையை முழங்காலுக்குக் கீழே இரண்டு காலிலும் ரப்பர் வளையம் போட்டுக் கட்டியிருந்தேன். சைக்கிள் டியூபிலிருந்து நானே அறுத்த வளையங்கள். பக்கத்தில், என்னோடு ஓட வேண்டிய பெங்களூர்க்காரன் தோல் சட்டை போட்டு, தோல் கையுறை போட்டு நின்றான். நல்ல பையன். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். நானும் ஆட்டினேன்.

எதிரே ஓரமாக, வெள்ளைத் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் கொடியோடு நின்றார். கூடியிருந்த எல்லோரும் கொடியைப் பார்த்தார்கள். நான் அவர் தோளைப் பார்த்தேன்.

ஏன் தோளைப் பார்த்தேன் என்று சொன்னால்தான் மற்றது விளங்கும்.

ரயில் போன பிறகு

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற வழியில் அப்போது ஒரு ரயில்வே கேட்டு உண்டு. கரி எஞ்சின் காலம். பாசஞ்சர் வருகிற நேரம் கேட்டுப் போட்டால் அதன் முன்னால் ஒரு சந்தையே கூடிவிடும். பஞ்சு மூட்டை லாரி, மில் பஸ், பால்கோவா போடுகிற கடைகளுக்குப் பால் கொண்டுபோகிற சைக்கிள்கள், நடுவில் யாருடைய மாடென்று தெரியாத ஒரு மாடு.

கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு முன்னால் வந்து நிற்பவர்கள் மோட்டார் சைக்கிள்காரர்கள். பெரும்பாலும் வசதியான வீட்டுப் பிள்ளைகள். கேட்டிலிருந்து லாரி எடைமேடை வரைக்கும் ரோடு நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கும். கேட்டுத் தூக்கியதும் எடைமேடைக்கு யார் முதலில் போகிறார்கள் என்பதுதான் போட்டி. பரிசு ஒன்றும் கிடையாது. ஜெயித்தவன் அடுத்த ரயில் வரும்வரை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரியலாம்.

ஷெட்டில் ரிப்பேர் முடிந்த வண்டிகளை ஸ்ரீவில்லிபுத்தூரில் கொண்டுபோய் ஒப்படைப்பது என் வேலை. அதனால் நானும் கேட்டில் நிற்பேன், ஓரமாக. ஒரு நாள் ஒரு பையன் திரும்பிப் பார்த்தான்.

“ஏக்கா, இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லு. புழுதி கண்ணுல விழுந்துரும்.”

அவன் நல்லதற்குத்தான் சொன்னான். எனக்கு அது பொறுக்கவில்லை. அன்றைக்கு அவன் கண்ணில் என் புழுதி விழுந்தது.

கேட் கீப்பர் செல்லையா அண்ணாச்சி. கேட்டைத் தூக்க ஓர் இரும்புச் சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். நல்ல கனம். அவர் கைப்பிடியைப் பிடித்ததும் முதலில் வலது தோள் கீழே இறங்கும். பிறகு சங்கிலி இழுபடும். அதற்கும் பிறகுதான் கேட்டுக் கட்டை அசையும். மற்றவர்கள் கட்டை அசைவதைப் பார்த்துக் கிளட்சை விடுவார்கள். நான் தோளைப் பார்த்து விடுவேன். கட்டை தலை உயரம் ஏறும் கணத்தில் குனிந்து அதன் அடியில் புகுந்திருப்பேன்.

அண்ணாச்சிக்கு ஆச்சரியம்.

“ஏட்டி பேச்சி, கேட்ட நான் தொறக்கேனா, நீ தொறக்கியா?”

“ஒங்க தோளு சொல்லுது அண்ணாச்சி. நான் போறேன்.”

“என் தோளா? என் வீட்டுக்காரிகிட்ட அது இம்புட்டு வருசமா ஒன்னுமே சொல்லலியே!”

பால்காரர்களெல்லாம் சிரித்தார்கள். இப்போது கேட்பது போலிருக்கிறது அந்தச் சிரிப்பு.

நான் சொல்வதை எழுதிக்கொண்டிருக்கிற பேத்தி மீனா இந்த இடத்தில், “எம்புட்டு வேகம் போவீங்க ஆச்சி?” என்று கேட்கிறாள். எங்கள் ஷெட்டுக்கு வந்த எந்த வண்டியிலும் வேகம் காட்டுகிற முள் வேலை செய்து நான் பார்த்ததில்லை. காதுமடலில் காற்று எப்படி அடிக்கிறதோ, அதுதான் கணக்கு. மெதுவாகப் போனால் விசிறும். வேகமாகப் போனால் அறையும். அதற்கும் மேலே ஒன்று உண்டு, அப்போது காதே இல்லாத மாதிரி ஆகிவிடும்.

அண்ணன் கேட்ட சத்தியம்

வளர்த்த பிள்ளைகளில் மூத்தவள் ராசாத்தி. அவளுக்கு மம்சாபுரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா காப்பியைக் குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தாள்.

“பிள்ள அடக்கமாத்தான் இருக்கா. வளத்தவளப் பத்தித்தான் போற எடமெல்லாம் பேச்சா இருக்கு.”

என்னை வைத்துக்கொண்டே சொன்னாள். போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். சொல்லி அனுப்பவில்லை.

அன்று சாயங்காலம் அண்ணன் ஷெட்டில் கார்புரேட்டரை ஊதிக்கொண்டிருந்தார். என்னை ஏறிட்டுப் பார்க்காமலே பேசினார்.

“பேச்சி, இனிமே ஓட்டாத.”

“ஏன், நல்லா ஓட்டலையா?”

“நல்லா ஓட்டுததுதான் வெனை. சுமாரா ஓட்டியிருந்தா ஒருத்தனும் பேச மாட்டான்.”

அண்ணன் கெட்டவர் இல்லை. கிளட்ச் பிடிக்கச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். ஆனால் ராசாத்திக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெண்பிள்ளைகள் இருந்தார்கள். அவர் எதை நினைத்துப் பயந்தார் என்று எனக்குத் தெரியும்.

அந்த நேரத்தில்தான் காசிம் பாய் வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பழைய ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தவர். சாமான் எடுக்க மெட்ராசுக்குப் போய்வருவார்.

“சுப்பையா, மெட்ராசுல ஒரு ஓட்டம் நடக்கு. டிராக் ரேசுங்காங்க. நேர் ரோட்டுல ரெண்டு ரெண்டு வண்டியா விடுதாங்க. யாரு முன்னப் போறாங்களோ அவிய ஜெயிச்ச மாதிரி. நம்ம கேட்டு ஓட்டந்தான்யா. சட்டை மட்டும் நல்லதாப் போட்டிருக்காங்க.”

அண்ணன் எழுந்தார். கையைத் துடைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

“ஒரு ஓட்டம். ஜெயிச்சு ஒரு கப்போட வா. அந்தக் கப்ப ஷெட்டு வாசல்ல வச்சு ஊரு வாய நான் அடைக்கேன். பொறவு ஒன் வழிக்கு வர மாட்டேன். ஜெயிக்கலைன்னா சாவிய என் கையில குடுத்துரணும். அதுக்கப்புறம் ஒரு வண்டியிலயும் கால் தூக்கிப் போடக் கூடாது. சம்மதமா?”

கையை நீட்டினார். நான் ஓங்கி அடித்துச் சத்தியம் செய்தேன். அவர் உள்ளங்கை ஆயில் என் உள்ளங்கையில் ஒட்டியது. எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. கேட்டில் நான் தோற்றதே இல்லையே.

சத்தியம் வாங்கியவர்தான் வண்டியையும் எனக்குத் தயார் செய்தார், அதையும் சொல்லிவிட வேண்டும். ஷெட்டில் கிடந்த பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி. எடுத்த எடுப்பில் பாய்வதற்காகப் பின்சக்கரத்துக்குப் பெரிய பல்சக்கரம் மாட்டினார். மட்கார்டு, முன்விளக்கு, கேரியர் எல்லாம் கழன்றன. சீட்டுப் பஞ்சைக்கூட அறுத்து மெலிதாக்கினார். “ஒன் கனமே அதுக்கு ஒரு கனமில்ல. மத்ததையும் கொறச்சிருவோம்” என்றார். நான் ஜெயிக்க வேண்டுமென்று என்னைவிட அவர்தான் ஆசைப்பட்டார் என்று நினைக்கிறேன்.

கோட்டின் மேல்

பஞ்சு லாரியில் வண்டியைக் கட்டி ஏற்றி, நானும் காசிம் பாயும் போய்ச் சேர்ந்தோம். அண்ணன் வரவில்லை. ஷெட்டைப் பூட்ட முடியாது என்றார்.

பெயர் எழுதுகிறவர் என் சேலையைப் பார்த்தார், ரப்பர் வளையத்தைப் பார்த்தார், பேனாவை மூடிவிட்டார்.

“லேடீசுக்கு இதுல எடமில்லம்மா.”

“ஓடப் போறது வண்டி சார்” என்றார் காசிம் பாய். “வண்டியில ஏது ஆம்பள பொம்பள?”

“விழுந்துட்டா யார் பொறுப்பு?”

“விழுந்தா எந்திரிப்பேன் சார்” என்றேன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில் பெயர் எழுதிக்கொண்டார். அதற்கு முன் அங்கே ஒரு பெண்ணும் ஓடியதில்லை என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அது அப்போது பெரிதாகத் தோன்றவில்லை. கேட்டிலும் நான் ஒருத்திதானே.

வெள்ளைத் தொப்பிப் பெரியவருக்கும் கொடியை வீசுவதற்கு முன் தோள் இறங்கியது. முதல் ஓட்டத்திலேயே அதைக் கண்டுகொண்டேன். செல்லையா அண்ணாச்சி மாதிரியே, வலது தோள். காலையில் ஓடிய ஓட்டமெல்லாம் ஜெயித்தேன். வெயில் ஏற ஏறக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் கூட்டம் சேர்ந்தது. “அந்தச் சேலை கட்டுன அக்கா எங்க?” என்று தேடி வந்தார்கள். யாரோ ஒருத்தர் போட்டோ எடுத்தார். அந்தப் போட்டோ எனக்குப் பார்க்கக் கிடைக்கவில்லை.

கடைசி ஓட்டம். பெங்களூர்க்காரனும் நானும். இதை ஜெயித்தால் கப்பு.

காசிம் பாய் கயிற்றோரம் வந்து நின்றார். “தாயி, கேட்டுன்னு நெனச்சுக்கோ” என்றார்.

நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

பெரியவர் கொடியைத் தூக்கினார். என் எஞ்சின் காலுக்கடியில் துடித்தது. தோள் இறங்கியது. நான் கிளட்சை விட்டேன்.

முன்சக்கரம் தரையை விட்டு ஒரு பிடி எழும்பி மறுபடி உட்கார்ந்தது. இரண்டாவது கியர். தொடையில் வண்டியின் அதிர்வு. மூன்றாவது. டாங்கின் மேல் நெஞ்சை வைத்துப் படுத்துவிட்டேன். பெட்ரோல் வாசனையும் வெந்த இரும்பு வாசனையும். சிமெண்டுத் தளத்தின் இணைப்புகள் சக்கரத்துக்கு அடியில் டக் டக் டக்கென்று ஓடி, பிறகு டக்குகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே கோடாகிவிட்டன. கியர் மாற்றியதில் ஒரு பிசகு இல்லை. கிளட்ச் வெண்ணெய் மாதிரி வந்தது. பக்கத்தில் அவன் சத்தம் கேட்கவில்லை. எவ்வளவு பின்னால் விட்டுவிட்டேன், சத்தம்கூட எட்டவில்லையே என்று நினைத்தேன். காது இல்லாமல் போனது. உடம்பு இல்லாமல் போனது. அக்கா, பிள்ளைகள், மம்சாபுரத்துக்காரி வைத்த தம்ளர், ஒன்றும் இல்லை. கடைசிக் கோடு எனக்கு அடியில் வெள்ளையாக ஒரு தடவை கண்ணைச் சிமிட்டியது. என் ஆயுளில் அப்படி ஒரு ஓட்டம் நான் ஓடியதில்லை.

வேகத்தைக் குறைத்துத் திரும்பிப் பார்த்தேன்.

பெங்களூர்க்காரன் கோட்டிலேயே நின்றிருந்தான். கொடி மேலேயே இருந்தது.

நடந்தது

பெரியவர் கழுத்தில் ஈ உட்கார்ந்திருக்கிறது. அதை விரட்டத் தோளை இழுத்து இறக்கியிருக்கிறார். அவ்வளவுதான் நடந்தது.

இரும்புச் சக்கரத்தைப் பிடித்தவருக்கு ஈ உட்கார்ந்தாலும் தோளை அசைக்க முடியாது, கனம் விடாது. கொடியில் என்ன கனம் இருக்கிறது? அதைப் பிடித்தவர் தோள் எதற்கு வேண்டுமானாலும் அசையும். இதை யோசிக்க எனக்கு அதற்கு முன் நேரம் வந்ததில்லை.

கொடி விழும் முன்னே ஓடியவர் போட்டியில் இல்லை என்பது சட்டம். காசிம் பாய் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமாகக் கெஞ்சினார். பெங்களூர்க்காரனும் வந்து, “அவங்க மறுபடி ஓடட்டும் சார், எனக்கு ஆட்சேபணை இல்லை” என்றான். சட்டத்தை ஆளுக்கு ஆள் மாற்ற முடியாது என்றார்கள். அதுவும் சரிதான்.

நேரம் பார்க்கிறவரிடம் போய் நான் ஒன்றே ஒன்று கேட்டேன்.

“சார், நான் ஓடுனது எம்புட்டு நேரம்?”

அவர் கையிலிருந்த கடிகாரத்தைக் காட்டினார். “நான் அமுக்கவே இல்லையேம்மா. ரேஸ் ஆரம்பிக்கலையே.”

ஆரம்பிக்காத ஓட்டத்துக்கு நேரம் கிடையாது. அப்படியானால் நான் ஓடியது என்ன என்று கேட்க எனக்குத் தெரியவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன்.

சாவி

ஷெட்டுக்கு வந்தபோது அண்ணன் மண்ணெண்ணெயில் கை கழுவிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தார். ஈரக் கையைத் துடைத்துவிட்டு உள்ளங்கையை நீட்டினார். நான் சாவியை வைத்தேன். விரல்களை மூடிக்கொண்டார்.

“சாப்பிட்டியா?” என்றார்.

நான்கு நாள் ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வண்டியை ஒரு பால்காரர் வாங்கிக்கொண்டு போனார். கழற்றிய மட்கார்டையெல்லாம் அண்ணன் மறுபடி மாட்டிக் கொடுத்தார். தினமும் காலையில் இரண்டு பக்கமும் கேன் தொங்க அது எங்கள் தெருவழியே போகும். மூன்றாவது கியர் போட வேண்டிய இடத்தில் அவர் போட மாட்டார். அது முக்கிக்கொண்டு போவதைக் கேட்டுக்கொண்டே பிள்ளைகளுக்குத் தலை சீவுவேன்.

நான் விட்டுவிட்டேன் என்று தெரிந்தும் மம்சாபுரத்துக்காரர்கள் திரும்பி வரவில்லை. வெகுநாள் கழித்து மகாராஜபுரத்தில் ராசாத்திக்கு இடம் அமைந்தது. முகூர்த்தத்தன்று, வளர்த்தவள் மேடைக்கு வராமல் இருந்தால் நல்லது என்று அவர்கள் வீட்டில் அபிப்பிராயம். நான் பந்திக்கு இலை நறுக்கிக்கொண்டிருந்தேன். கெட்டிமேளம் கேட்டது. அரிவாள்மணையை விட்டு எழுந்திருக்கவில்லை.

தொண்ணூறுகள்

பிறகு காலம் மாறிவிட்டது. பெண்பிள்ளைகள் மொபெட்டில் வேலைக்குப் போனார்கள், கல்லூரிக்குப் போனார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அதே ஊர்தான், அதே வாய்கள்தான்.

அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்தது, பேச்சும் போனது. ஷெட்டை நான் நடத்தினேன். மீதி இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்ததும் பையனைப் படிக்க வைத்ததும் அந்த ஷெட்டுதான். மொபெட்டோடு வருகிற பிள்ளைகள், “பேச்சிக்கா, ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க, பிரேக்கு சத்தம் போடுது” என்பார்கள். “நீ ஓட்டு, நான் கேக்கேன்” என்பேன். உள்ளூரில் ஒப்படைக்க வேண்டிய வண்டிகளைத் தள்ளிக்கொண்டே போவேன். சிலர் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

ஒரு மத்தியானம் ஒரு மொபெட்டை ஸ்டாண்டில் போட்டு ஓடவிட்டிருந்தேன். அண்ணன் கட்டிலிலிருந்து இடது கையைத் தூக்கி வண்டியைக் காட்டினார். என்னைக் காட்டினார். மறுபடி வண்டியைக் காட்டினார். வாயில் ஏதோ வந்தது, சொல்லாகவில்லை.

“என்னண்ணே? ஓட்டச் சொல்லுதீயளா? நிறுத்தச் சொல்லுதீயளா?”

கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. தலை ஆடியது. மேலும் கீழுமா, பக்கவாட்டிலா, என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. எத்தனையோ எஞ்சின் சத்தத்தைக் கேட்டு உள்ளே என்ன கோளாறென்று சொன்னவள் நான். இது தெரியவில்லை. வண்டியை நிறுத்தினேன். அதற்குப் பிறகும் பல தடவை கேட்டுப் பார்த்தேன். அவர் கையைத் தூக்கவில்லை.

அந்த வருஷமே போய்விட்டார். சத்தியம் வாங்கியவர் போய்விட்டால் அதைத் திருப்பிக் கொடுக்க ஆள் இல்லை. நானாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று காசிம் பாய் சொன்னார். அப்படி எடுப்பவள் இல்லை நான்.

இன்றைக்கு வரை ஒரு வண்டியிலும் கால் தூக்கிப் போடவில்லை. முழங்கால் இப்போது ஒத்துழைக்கவும் செய்யாது.

இவ்வளவுதான். மீனா பேனாவை மூடப் பார்க்கிறாள்.

“முடிச்சிரலாமா ஆச்சி?”

“செத்த நேரம் இரு. எங்க, அந்தக் கடைசி ஓட்டத்த மட்டும் வாசிச்சுக் காட்டு தாயி.”

“தோள் எறங்குனதுல இருந்தா?”

“ஆமா. மெதுவா வாசி. திரும்பிப் பாத்தேன்னு வருதுல்ல, அதுக்கு முன்ன நிறுத்திரு.”